இடது கால் செருப்புகள்

மணல்மேட்டில் பொறுக்கிய செருப்புகளை, 'பிரேக்' என்று எல்லாரும் கூப்பிடுகிற டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்கும்படி கடற்கரைச் சாலையின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்தார். அத்தனையும் இடது கால் செருப்பு. வலது ஒன்றுகூடக் கிடையாது. இப்படி ஒரு அதிசயம் கைக்குக் கிடைத்தால் விடுகிற ஆளா அவர்? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாத்தீங்களா? இங்க காத்து வாங்க வந்தவன் பூராவும் கிளட்ச் கால விட்டுட்டுப் போயிருக்கான். எப்படித்தான் கியர் மாத்தி வீடு போய்ச் சேந்தானுங்களோ!"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காத கூட்டம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் சிரிக்காமல் இருப்பதிலும் பல தினுசு உண்டு. இது அவர் பார்த்தறியாத தினுசு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, எல்லாரும் 'ஊசி' என்று கூப்பிடுகிறவள், கையிலிருந்த குப்பைப் பையை நழுவவிட்டாள். மணல்மேட்டைக் கவனித்துக்கொள்ளும் குழுவில் இருந்த பேக்கரிக்காரர் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர், அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடத் தொடங்கினார்.

"நில்லுங்க! எல்லாரும் அப்படியே நில்லுங்க! யாரும் கால எடுக்காதீங்க!"

அங்கே, ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து துப்புரவுப் பணிக்கு வந்திருந்த கூட்டம், ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு, தோளோடு தோள் வரிசை கட்டி, மணல்மேட்டைச் சீப்பால் வாருகிற மாதிரி வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பிரேக்.

ஊசி அவரைப் பார்க்கவில்லை. செருப்புகளைத்தான் பார்த்தாள். "இதெல்லாம் எங்கெங்க இருந்து எடுத்தீங்க சார்?"

"அங்கங்கதான். எல்லாம் குப்புறக் கிடந்துச்சு."

"எங்கெங்கன்னு காட்ட முடியுமா?"

பிரேக் மணலைப் பார்த்தார். மணல் மணல் மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். அந்த மணல்மேட்டில் உப்புக்கொத்தி என்று, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பறவை முட்டையிடும். கூடு என்று பெரிதாக ஒன்றும் கட்டாது. நெஞ்சை மணலில் தேய்த்து ஒரு சின்னப் பள்ளம், அதில் நாலு கிளிஞ்சல் துண்டு, இரண்டு மூன்று முட்டை. தீர்ந்தது வேலை. முட்டையும் மணல் நிறம்; மேலே, பேனா எழுதுகிறதா என்று யாரோ கிறுக்கிப் பார்த்த மாதிரி கறுப்புக் கோடுகள். காலடியில் இருந்தாலும் தெரியாது. ஆரம்பத்தில் குச்சி நட்டுக் கயிறு கட்டிப் பார்த்தார்களாம். கயிற்றுக்கு உள்ளே என்ன என்று பார்க்க மனிதன் வந்தான். மனிதன் எதைக் குனிந்து பார்க்கிறான் என்று பார்க்கக் காகம் வந்தது. குச்சி இருக்கிற இடத்தில் சாப்பாடு இருக்கும் என்று ஒரே பருவத்தில் காகங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது.

அப்புறம்தான் குழுவில் ஒருத்தி அந்த யோசனையைச் சொன்னாள். கடற்கரையில் யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்காத சாமான் ஒற்றைச் செருப்பு. ஆகவே இடது கால் செருப்பு, குப்புறக் கவிழ்த்து, முனை கூட்டைப் பார்த்தபடி. தெரிந்தவர்களுக்கு அது அறிவிப்புப் பலகை, தெரியாதவர்களுக்குக் குப்பை. அன்று காலை, அந்தப் பக்கம் செருப்பே கண்ணில் படாததால், "அங்க ஒண்ணும் இல்ல, தாராளமாப் போங்க" என்று தொப்பிக் கூட்டத்தை அனுப்பி வைத்தவர் பேக்கரிக்காரர்.

இரண்டு கூடுகள் போயின. ஒன்றில் பூட்ஸ் தடம் அச்சுக் குத்தின மாதிரி விழுந்திருந்தது. உடைந்த முட்டையின் மேல் அதற்குள் மணல் ஒட்டத் தொடங்கியிருந்தது. தாய்ப் பறவை கொஞ்சம் தள்ளி ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடி, மறுபடி நின்றது. முதல் நாள் வண்டி ஓட்டுகிறவனைப் போல என்று பிரேக்குக்குத் தோன்றியது. நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டார்.

"யாரும்மா இப்படி ஒரு யோசனையக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார், வேறு எதுவும் கேட்கத் தெரியாமல்.

ஊசி செருப்பு வரிசையின் கடைசியில் இருந்ததைக் குனிந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பழுப்பு நிறம். வார் அறுந்து, கார் சீட் உறை தைக்கிற தடித்த கறுப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்தது. தைத்தவர் பிரேக்; அவர் மனைவியின் செருப்பு.

"அக்காதான்" என்றாள்.

பிரேக்குக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். இத்தனை வருஷமாக அதை மிதித்து மிதித்து, வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட அவர் கால் தானாகத் தரையை அமுக்கும். காலுக்கு இருந்த கட்டுப்பாடு வாய்க்கு இல்லை. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்குகிற ஜனங்களைச் சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்தே லைசன்ஸ் வாங்கிக் கொடுத்தவர். பழக்கம் வீட்டுக்கும் வந்தது. உப்பு அதிகமானாலும் ஜோக், மழையில் துணி நனைந்தாலும் ஜோக், மகன் தேர்வில் கோட்டை விட்டாலும் ஜோக். மகனுக்கு எரிச்சல் வரும். மருமகள் எழுந்து உள்ளே போய்விடுவாள். மனைவி மட்டும் ஒரு ஜோக்குக்காவது சிரிக்காமல் இருந்ததில்லை. பத்தாவது தடவை கேட்கிறதற்கும் முதல் தடவை மாதிரி சிரிப்பாள். தன் வாழ்க்கையில் தான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தச் சிரிப்புதான் என்பது அவருடைய நம்பிக்கை.

அவள் போன மழைக்காலத்தில் தலைவலி என்று படுத்தவள், எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டுக்கு, கால் விரலிடுக்கில் மணல் ஒட்டின நாலைந்து பேர் வந்து நின்றார்கள். யாரையும் அவருக்குத் தெரியாது. அவர்கள் அழுத அழுகையோ, தெரிந்தவர்கள் அழுகிற அழுகை. விசாரித்தபோதுதான் சமாச்சாரம் வெளியே வந்தது. சாயங்காலம் சாயங்காலம் "சும்மா நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினவள், அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கிற அந்த மணல்மேட்டில், கொடியும் புல்லும் பறவையும் நண்டுமாக ஒரு தனிக் குடித்தனமே நடத்தியிருக்கிறாள். வருஷக்கணக்காக. அதே கடற்கரைச் சாலையில்தான் பிரேக் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுப்பார். நடுவில் இருந்தது இடுப்பு உயரச் சுவர் ஒன்றுதான்.

ஒளிக்க அதில் என்ன இருக்கிறது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூடவே போயிருப்பாரே. பை தூக்கியிருப்பாரே. ஏன் கூப்பிடவில்லை? இந்த ஒரு கேள்விதான் அவரைக் குழுவுக்கு இழுத்துக்கொண்டு வந்தது. வந்த முதல் நாளே செருப்பு பொறுக்கிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பு அலமாரியைத் திறந்தார். வலது செருப்பு மேல் தட்டில் தனியாக இருந்தது. "உங்க மாமியார் போற அவசரத்துல ஒரு கால் செருப்பப் போட்டுட்டுப் போயிட்டா" என்று மருமகளிடம் அவரே சொன்ன ஜோக்கின் ஆதாரம் அது. இடதை அதன் பக்கத்தில் வைத்தார். ஜோடி சேர்ந்தது. உள்ளே யாரோ இருக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது. சட்டென்று கதவைச் சாத்தினார்.

சாப்பிடும்போது மகனிடம் கேட்டார். "உங்கம்மா ஏன்டா என்னை ஒரு நாளும் அங்க கூப்பிடல?"

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா? சாப்பிடுங்க."

"உனக்குத் தெரியுமா, அவ போனது?"

மகன் தட்டைப் பார்த்தான். மருமகள் அவன் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா மாமா?" என்றாள்.

பேக்கரிக்காரரிடம் கேட்டதும் அப்படித்தான் முடிந்தது. அவர் அடுப்பிலிருந்து தட்டை இழுத்து ரொட்டியின் முதுகைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "அண்ணி உங்களப் பத்தி நல்ல விதமாத்தாண்ணே சொல்லுவாங்க" என்றார். "நல்ல மனுஷன்னு."

"நல்ல மனுஷனுக்கு அங்க என்னய்யா தடை?"

"உங்களுக்கு வேலை இருக்கும்னு நெனச்சிருப்பாங்க." ரொட்டி வெந்திருந்தது. ஆனாலும் திரும்ப உள்ளே தள்ளினார்.

மிச்சம் இருந்தது ஊசி. அவளிடம் பதில் வாங்குவது கஷ்டம். தொழில் அப்படி. ரத்தம் எடுக்கும்போது வந்தவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், முடிவு வந்ததும், "பயப்படும்படி ஏதாவது இருக்காம்மா?" என்பார்கள். தாளில் இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும், "டாக்டர்கிட்ட கேளுங்க" என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி அது அவள் சுபாவமாகவே ஆகியிருந்தது. நாளைக்கு மழை வருமா என்று கேட்டால்கூட வானத்தைக் கைகாட்டிவிட்டுப் போகிறவள். இன்னொன்றும் அவருக்கு உறுத்தியது. மனைவியை அக்கா என்றால், முறைப்படி அவர் மாமா. இவள் 'சார்' போட்டாள். பேங்கில் மேனேஜரைக் கூப்பிடுகிற 'சார்'.

"நான் இனிமே வரலாமா, வேண்டாமா?" என்று போனில் கேட்டார்.

"பாக்கலாம் சார்."

"பாக்கலாம்னா, வந்து பாக்கலாமா, வராமப் பாக்கலாமா?"

"தாழம்புதர்கிட்ட காக்கா வராம பாத்துக்க ஒரு ஆள் வேணும்" என்றாள் கடைசியில். "பேசாம உக்காரணும்."

பேசாமல் உட்கார்ந்தார். வகுப்பு முடித்துவிட்டு, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மாலை நேரமெல்லாம் தாழம்புதரின் ரம்பம் போன்ற இலைகள் முதுகைக் கீறாத தூரத்தில். காகம் இறங்கினால் எழுந்து துண்டை வீச வேண்டும். மற்ற நேரத்தில் தாழை மாதிரி இருக்க வேண்டும். அவருடைய வாழ்க்கையில் இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது பல் பிடுங்கின அன்றைக்கு மட்டும்தான்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கம் அடுக்குமாடிகள், பால்கனிகளில் காய்கிற துணி, ஏசிப் பெட்டிகளின் உறுமல். முன்பக்கம் கடல். இரண்டுக்கும் நடுவே வெறும் மணல் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார். இரண்டு மூன்று நாள் போனதும், அந்த வெறும் மணல் ஒவ்வொன்றாக வெளியே விட்டது. அடப்பங்கொடி மேட்டின் மேலெல்லாம் ஓடிக் கிடந்தது; நடுவே பிளந்த இலை, ஊதாப் பூ. பூ சாயங்காலம் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் மனைவி ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையில் கிளம்பினாள் போலிருக்கிறது. கொடியைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார்; மேடே கூட வருகிற மாதிரி இருந்தது. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதை யாரோ புதிதாக நட்டுப் பதித்த இடங்களும் தெரிந்தன. பழைய சேலைக் கிழிசலால் மெத்தென்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். சேலையை அவருக்குத் தெரியும்.

பேய்நண்டு வளையிலிருந்து கண்களை மட்டும் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வரும். உலகத்திலேயே இரண்டு கண்ணாடியையும் ஒழுங்காகப் பார்த்து வண்டி எடுக்கிற ஒரே ஜீவன் என்று அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் ஆள் இல்லை. சொல்ல முடியாமல் அந்த ஜோக் அப்படியே உள்ளே கிடந்து புளித்தது. ராவணன் மீசைப் புல்லின் முள் உருண்டைகள் காற்றில் கழன்று, சக்கரம் மாதிரி மணலில் உருண்டு போகும். லைசன்ஸ் இல்லாமல். அதையும் சொல்ல ஆள் இல்லை. திரும்பி, சிரிப்பாள் என்று பார்க்கிற இடத்தில் தாழம்புதர் இருந்தது.

இவள் இங்கே உட்கார்ந்திருந்தபோது எதைப் பார்த்துச் சிரித்திருப்பாள்? அந்த நினைப்பு அவரை அரித்தது. பேக்கரிக்காரர் ஏதாவது சொல்லியிருப்பாரோ? அந்த ஆளுக்கு ஜோக் சொல்ல வராதே.

ஒரு நாள் மாலை, மேட்டின் வடக்குக் கோடியில் ஊசி மண்டியிட்டு உட்கார்ந்து கையை ஆட்டினாள். பிரேக் அவள் காலடித் தடத்திலேயே கால் வைத்து நடந்து போனார். மீசைப் புல்லின் மறைவில் புதுப் பள்ளம். கிளிஞ்சல் துண்டு. ஒரே ஒரு முட்டை, இன்னும் ஈரம் காயாத மாதிரி.

"கூட்ட இழந்ததுங்க சில சமயம் திரும்ப முட்டை போடும்" என்றாள் மெதுவாக. "இதே ஜோடிதானான்னு தெரியாது."

அப்போது எங்கிருந்தோ அந்தப் பறவை அவர்கள் முன்னால் வந்து விழுந்தது. ஒரு சிறகு ஒடிந்து தொங்க, இழுத்து இழுத்து மணலில் நகர்ந்தது. பிரேக் பதறிப்போனார்.

"ஐயையோ, அடிபட்டிருச்சும்மா! தூக்கலாமா?"

"ஒண்ணும் ஆகல சார். நடிப்பு. பின்னாலயே போனோம்னா அப்படியே நம்மளக் கூட்டத் தாண்டி இழுத்துட்டுப் போயிடும். அப்புறம் ஜம்முனு பறந்துடும்." ஊசி எழுந்து பின்னால் நகர்ந்தாள். "வாங்க, நாம போனாத்தான் அது நிறுத்தும்."

நகர்ந்தார்கள். அது நிறுத்தியது. சிறகை மடித்துக்கொண்டு, நடந்தது எதுவும் தனக்குத் தெரியாத மாதிரி நின்றது.

"செருப்பு வெக்கணும்" என்றாள் ஊசி. "என்கிட்ட இருந்ததெல்லாம் அன்னைக்குக் குப்பை லாரியில போயிடுச்சு."

பிரேக் தோள்பையைத் திறந்தார். அந்தப் பழுப்புச் செருப்பை இத்தனை நாளும் பையில்தான் வைத்திருந்தார். ஜோடியாக அலமாரியில் இருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் எடுத்தது. வெளியே போட மனம் வராமல் சுமந்தது. அவள் நடந்து நடந்து குதிகால் பக்கம் சரிந்து தேய்ந்த செருப்பு. விரல் பதிந்த குழிகள்கூட அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு குனிந்து, குப்புறக் கவிழ்த்து, முனையைக் கூட்டின் பக்கம் திருப்பி வைத்தார். பெருவிரலால் கொஞ்சம் மணலைத் தள்ளி அதன் மேல் தூவினார், கடல் கொண்டுவந்து போட்ட குப்பை மாதிரி இருக்க.

சொல்வதற்கு ஒரு ஜோக் இருந்தது. வலது கால், ஆக்சிலரேட்டர், பார்க்கிங், என்னவோ. சொல்லவில்லை.

சுவர் வரைக்கும் நடந்தார்கள். ஊசி சுவரில் உட்கார்ந்து காலிலிருந்த மணலைத் தட்டினாள். விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. சாலையில் யாரோ ஒருவன் வண்டியை எடுக்க முடியாமல் திணறி, அணைத்து, மறுபடி கிளப்பினான். பிரேக்கின் கால் தானாகத் தரையை அமுக்கியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்மா" என்றார். "எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். எனக்கு வேலை இருக்கும்னு அவ நெனச்சிருப்பாங்கறான் ஒருத்தன். குழம்பு ஊத்தட்டுமாங்கறா ஒருத்தி. அவ ஏன் என்னை இங்க கூட்டிட்டே வரல? அவளுக்கு நான் வந்தா வெக்கமா?"

ஊசி வாயைத் திறந்தாள்.

"டாக்டர்கிட்ட கேளுங்கன்னு மட்டும் சொல்லிடாத. இதுக்கு டாக்டர் கிடையாது. எதா இருந்தாலும் தாங்கிக்கறேன். கொஞ்சம் ஓரமா வண்டிய நிறுத்திட்டுத்தான் கேக்கறேன்."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டும் எழுந்திருக்கவில்லை. மணல்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுக்கும்போது நரம்பைத் தேடுகிற பார்வை அது. தேடிக் கிடைத்த பிறகு, குத்துவதற்கு முன்னால் ஒரு கணம் கை நிற்குமே, அந்த மாதிரி இருந்தாள்.

"மாமா" என்றாள். முதல் தடவை.

பிரேக் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா சொல்லுவாங்க. 'அவரு தங்கமானவர்டி, ஆனா வீட்டுல இருக்கற நேரமெல்லாம் அவரப் பாத்து சிரிச்சாகணும். சிரிக்கலன்னா வாடிப் போயிடறாரு. எனக்குக் கன்னமெல்லாம் வலிக்குது. இங்க வந்தாத்தான் என் மூஞ்சிய நான் சும்மா வெச்சுக்க முடியுது.' அவ்வளவுதான் மாமா. உங்களக் கூட்டிட்டு வந்தா இங்கயும் சிரிக்கணுமே."